பாறைமேட்டு வண்டி

இரண்டாவது தடவையும் கம்பத்தக்கா பாறைமேட்டில் விழுந்தாள்.

மின்சார ஆபீசில் அவளுக்கு அதுதான் பெயர். கம்பம் ஏறுகிறவள். மலைப்பக்கத்து லைன்களைப் பார்க்கும் வேலை காலியாக இருந்தது. சம்பளமும் கூடுதல். மூத்தவள் அவள், முறைப்படி அவளுக்குத்தான். ஆனால் ஆபீஸ் பைக்கில் பாறைமேடு ஏறி, கடைசிக் கம்பம் வரை போய்த் திரும்ப வேண்டும். மூன்று வாய்ப்பு. முடியாவிட்டால் வேலை அடுத்த ஆளான தடியனுக்கு. அவன் முதல் தடவையே காலை ஊன்றாமல் ஏறிக் காட்டிவிட்டான்.

பைக் சின்னதுதான். ரோட்டுக்கும் காட்டுக்கும் பொது. மலை ஏறுவதற்கென்று போன வருஷம் மண்ணைக் கவ்விப் பிடிக்கிற பட்டன் டயர் போட்டார்கள். இன்ஜினுக்கு அடியில் இரும்புத் தகடு கட்டினார்கள். பின்பக்கத்து ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் கெட்டியானதாக ஒன்றை மாட்டினார்கள். இத்தனை செலவு பண்ணின வண்டிமேல் யாருக்குச் சந்தேகம் வரும்? சந்தேகம் எல்லாம் அவள் மேல்தான்.

வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று மெக்கானிக் கையை விரித்தார். கீழேயே இருந்து மீட்டர் பார்க்கலாமே என்றார் சூப்பர்வைசர். வீட்டில் கணவன் முழங்கைக்கு மருந்து போட்டுவிட்டபடி, பிள்ளைகளை நினைத்துப் பார்க்கச் சொன்னான்.

"நினைச்சுப் பார்த்துத்தாங்க ஏறுறேன்," என்றாள்.

இவர்களைப் பொறுத்துக்கொண்டாள். தடியனைத்தான் பொறுக்க முடியவில்லை. மேட்டைக் கொஞ்சம் குறைத்துத் தரச் சொல்லலாமா என்று எல்லார் முன்னாலும் கேட்டவன் அவன். ஊரே சிரித்தது.

திங்கட்கிழமை கடைசி வாய்ப்பு. இடையில் இரண்டு நாள் லீவு. விடியக் காலையில் போய்ப் பழகலாம் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். அதிலும் மண் விழுந்தது. லீவு இரண்டு நாளும் தனக்கு வண்டி வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் சொல்லித் தடியன் சாவியை வாங்கிக்கொண்டான்.

ஆபீஸ் வாசலிலேயே அவனை மறித்தாள்.

"சாவியைக் குடுடா."

"திங்கட்கிழமை வாங்கிக்கங்க அக்கா."

"நான் பழகிடுவேன்னு பயமா?"

"இப்படியே ஏறினா கைதான் உடையும்."

"உடையட்டும். விழுவேன், எழுந்திருப்பேன், திரும்ப விழுவேன். உனக்கு வழிவிட்டு மட்டும் நிக்க மாட்டேன்."

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். எத்தனை கிலோ இருப்பீங்க என்று கேட்டான்.

அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "நாப்பத்தெட்டு. உன் வாய் மட்டுமே அதைவிடக் கூட இருக்கும்."

சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

திங்கட்கிழமை ஆபீஸ் மொத்தமும் மேட்டடியில் நின்றது. இவள் எப்போது விழுவாள் என்று பார்க்கத்தான். யார் முகத்தையும் அவள் பார்க்கவில்லை. இந்தத் தடவை உட்கார்ந்ததும் வண்டி லேசாக அமுங்கியது. கால் தரையில் பட்டது. யோசிக்க நேரமில்லை. கியரைப் போட்டாள்.

முதல் கல். வண்டி அவளை உதறவில்லை. அடுத்த கல். பின்சக்கரம் தரையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மேட்டில் ஏறி, வளைவில் மறைந்து, கடைசிக் கம்பத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி இறங்கி வந்தாள். மலை வேலை அவளுக்கே என்று சூப்பர்வைசர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

நேரே பட்டறைக்குப் போனாள். குறையே இல்லை என்ற வண்டியில் என்ன செய்தீர்கள் என்று கேட்டாள்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். அந்தக் கெட்டி ஸ்பிரிங், போன வருஷம் மலைக்குப் போய்க்கொண்டிருந்த ஆறடி ஆளுக்காகப் போட்டதாம். கனமான ஆள் உட்கார்ந்தால் அமுங்கும். இவளை மாதிரி லேசான ஆள் உட்கார்ந்தால் அமுங்காது. ஒவ்வொரு கல்லுக்கும் தூக்கி எறியும். ஆளைப் பார்த்து ஸ்பிரிங் போட வேண்டும் என்பது தனக்குத் தோன்றவே இல்லை என்றார்.

"இப்பவாவது தோணிச்சே. கழட்டி வச்ச பழைய ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டினீங்களே, அது போதும்."

"நானா? அட போம்மா. லீவு நாள்ல வீட்டுக்கு வந்து என்னை இழுத்துட்டுப் போய்ப் பட்டறையைத் திறக்க வச்சான். அந்த அக்காவை விழ வச்சு வாங்குற வேலை தனக்கு எதுக்குன்னு என்னைத்தான் திட்டினான். கை கிழிஞ்சும் விடாம அவனே மாத்தினான்."

"யாரு?"

"தடியன்."