மைக் பிடித்த கை

மாலை மணி ஆறு. பாலாற்று மணலில் போட்டிருந்த மேடையில் கோடை இசை விழாவின் நான்காவது, கடைசிக் கச்சேரி தொடங்கியது. எழிலரசி இன்றும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"மாமா செத்து மூணு வருஷம்கூட ஆவல. நாலு நாளா லீவு போட்டுட்டு அந்தப் பாட்டுக்காரனையே பாத்துனு கீறியாம். ஷூ கம்பெனி முழுக்க இதான் பேச்சு," என்றான் தம்பி பரத்.

"பேசட்டும்டா."

"உனக்கு இன்னாதான்க்கா வேணும்?"

"அவரு கைய ஒரு தடவ புடிக்கணும்."

பரத் தலையில் அடித்துக்கொண்டான்.

கச்சேரி முடிந்து பாடகன் கீழே இறங்கினான். எழிலரசி கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் அவன் வலது கையைப் பற்றினாள். அந்த விரல்கள் பழகியவை போல அவள் விரல்களுக்குள் மடங்கின. அவள் விடவில்லை.

"மானத்த வாங்காதக்கா, வா!" பரத் அவளை இழுத்தான்.

இழுத்ததில் பாடகனின் சட்டைக்கை மேலேறியது. முழங்கைக்குக் கீழே வளையமாக ஒரு தையல் தழும்பு. அதற்குக் கீழே தோல் வேறு நிறம். மணிக்கட்டில் 'எழில்' என்று பச்சை குத்தியிருந்தது.

பரத்தின் பிடி தளர்ந்தது.

"பயப்படாதீங்க," என்றான் பாடகன். "கரண்ட் அடிச்சு என் கை போயிடுச்சு. செத்துப்போன யாரோ தானமா குடுத்த கை இது. இந்தப் பேரு யாரோடதுன்னு எனக்கே தெரியாது. உங்க பேரு இன்னாங்க?"