பத்துக் கையெழுத்து

"மிகவும் திருப்தி" என்ற கட்டத்தில் பதினாறாவது முறையாக டிக் அடித்தபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வார்டில் கற்றுக்கொள்ளும் சூழல் எப்படி இருந்தது என்று அவள் படிக்கும் நர்சிங் கல்லூரி கேட்டு அனுப்பிய படிவம். பெயர் எழுத வேண்டாமாம். ஆனால் வாங்கிப் படித்து வைப்பவர் வார்டு சிஸ்டர். நல்ல ரகசியம்.

இந்த ஆறு வாரமும் படுக்கை விரித்தாள். காய்ச்சல் பார்த்தாள். லேபுக்கும் வார்டுக்கும் நாயாய் அலைந்தாள். டிரிப்ஸ் ஊசி போடும் நேரம் வந்தால் மட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று பஞ்சு எடுத்துவர அனுப்பிவிடுவார்கள். சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரமில்லை.

அவளுடைய பயிற்சி நோட்டில் மூன்று கட்டங்கள்: பார்த்தேன், உதவினேன், செய்தேன். டிரிப்ஸ் ஊசிக்கு "செய்தேன்" கட்டத்தில், போட்ட ஊசிக்கு ஒன்றாக, சிஸ்டரின் பத்துக் கையெழுத்து இருந்தால்தான் இந்த வருடம் பரீட்சை எழுதலாம். அவளிடம் ஒன்றுகூட இல்லை. இன்று கடைசி நாள்.

சிஸ்டர் படிவத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். முகம் மலர்ந்தது. நோட்டை இழுத்து, பத்துக் கையெழுத்தையும் மடமடவென்று போட்டுத் தள்ளினார்.

அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நிம்மதியாக இருப்பதே வெட்கமாகவும் இருந்தது.

நோட்டை எடுப்பதற்குள் ஆறாம் படுக்கையிலிருந்து கூப்பாடு. லாரி ஓட்டுகிறவர். ஊசி நகர்ந்து கை வீங்கியிருந்தது, மாற்றிப் போட வேண்டும். மற்ற நர்ஸ்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

சிஸ்டர் சிரிக்காமல் நோட்டைத் தட்டிக் காட்டினார். "பத்து போட்டவதானே, போய் போடு."

அவள் ஊசியோடு போய் நின்றாள். லாரிக்காரர் மற்ற கையை நீட்டினார். அவ்வளவு பெரிய உடம்பு, பயந்த கண்.

"இதுக்கு முன்னாடி போட்டிருக்கியாம்மா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"ஒண்ணுகூட போட்டதில்லண்ணே."

வார்டு முழுக்கக் கேட்டது.

சிஸ்டர் எழுந்து வந்தார். கடுகடுவென்றுதான் வந்தார். சிஸ்டர் பக்கத்தில் நிற்பதானால் சரி என்று லாரிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். எந்த நரம்பு, எவ்வளவு சாய்வு, எங்கே நிறுத்துவது என்று சிஸ்டர் பல்லைக் கடித்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் அப்படியே செய்தாள். ஊசி சரியாக இறங்கியது.

பிறகு சிஸ்டர் மேசைக்குப் போய் நோட்டைத் திறந்தார். சிவப்புப் பேனாவால் கையெழுத்துகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார்.

ஒன்பதோடு நிறுத்தினார். மிச்சமிருந்த ஒன்றின் பக்கத்தில் தேதி எழுதினார்.