கொலுசுக்கடை நீலமேகம்

சுயம்புலிங்கத்தின் ஈறுகளை டார்ச் அடித்துப் பார்த்த மதுரை டாக்டர், நகங்களையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். பிறகு, "என்ன தொழில் பண்றீங்க?" என்று கேட்டார்.

"போடி பஜார்ல வெள்ளிக் கொலுசுக் கடைங்க. உருக்குறது, அரத்தால ராவுறது, பாலீஷ் போடுறது எல்லாம் நாந்தேன்."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். வெள்ளி உடம்புக்குள் போய்த் தோலில் தங்கிவிட்டது, அதனால்தான் முகம் இப்படி நீலம் பாரித்துக் கிடக்கிறது என்றார். ஏறின நிறம் இனி இறங்காதாம். வெள்ளி உள்ளே போவதை இப்போதே நிறுத்தாவிட்டால் ஈரலையும் விட்டுவைக்காதாம்.

நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா என்றும் கேட்டார். ஒரு மருந்தையும் தொட்டதில்லை என்று சுயம்புலிங்கம் சத்தியம் செய்தார். மனதறிந்து பொய் சொல்கிற ஆள் இல்லை அவர்.

"அப்ப கடையை விட்டுடுங்க" என்று முடித்துவிட்டார் டாக்டர்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஒற்றைத் தராசோடு ஆரம்பித்து, பதினேழு வருஷமாகக் கட்டிக் காத்த கடை. ஒரு வருஷமாகவே பஜார் அவரை 'நீலமேகம்' என்றுதான் கூப்பிட்டது. கிருஷ்ணர் வேஷத்தை இன்னும் கலைக்கவில்லையா என்று கொலுசு வாங்க வருகிற பெண்கள் சிரித்ததையும் பொறுத்துக்கொண்டார். கடை போவதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. ஊர் திரும்பும் பஸ்ஸில் உசிலம்பட்டி தாண்டும் வரை அழுதார்.

இத்தனைக்கும், அடுத்தவர் நிறத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறவர் அவர். மனைவி பூமாரி நல்ல கறுப்பு. பெண் பார்த்த அன்று பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஏமாந்துவிட்டதாகச் சொந்தக்காரர்கள் நடுவில் சொல்லிச் சிரிப்பார். பூமாரியும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைப்பாள்.

மேனி சிவக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு, கடமலைக்குண்டு வைத்தியரிடமிருந்து மாதாமாதம் அவளுக்கு வெள்ளி பஸ்பம் வாங்கிவந்ததும் அவர்தான். காலையில் ஒரு பொட்டலத்தை அவர் எடுத்துக் கொடுக்க, அவள் அடுப்படிக்குள் போவாள். வாயைத் துடைத்துக்கொண்டு, கையோடு அவருக்குக் காப்பியும் எடுத்துவருவாள். மூன்று வருஷமாகியும் அவள் கறுப்பு கறுப்பாகவேதான் இருந்தது.

டாக்டர் சொன்னதை வந்து சொன்ன நாளிலிருந்து பூமாரிக்கும் சோறு இறங்கவில்லை. புருஷன் மேல் இவ்வளவு உயிரா என்று பக்கத்து வீட்டுக்காரர்களுக்கே ஆச்சரியம்.

புதன்கிழமை காலையில், கடையை வாங்கிக்கொள்ள கூடலூரிலிருந்து அழகுமலை வந்துவிட்டார். பத்திரத்தை விரித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தையும் காட்டினார். சுயம்புலிங்கம் பேனாவைத் திறந்தார்.

வந்தவருக்குக் காப்பி கொண்டுவந்த பூமாரி, தம்ளரைக் கீழே வைக்காமல் நின்றாள். அவளைப் பார்த்ததும் சுயம்புலிங்கத்துக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"பாத்தீகளா அழகுமல, மூணு வருசமா வெள்ளிய முழுங்குறவ குத்துக்கல்லாட்டம் நிக்கிறா. தொட்டுத் தொட்டு வித்த எனக்குத்தேன் இந்தக் கதி."

பூமாரி தம்ளரை வைத்துவிட்டு, அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடினாள். பத்திரத்தை மடித்து எடுத்துக்கொண்டு போகும்படி அழகுமலையிடம் சொன்னாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, புருஷனிடம் மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு என் கறுப்பே போதும்னு, அம்புட்டு பஸ்பத்தையும் உங்க காப்பியிலதேன் கலக்குனேன்."