மண்ணுக்குள் ஒரு டப்பா

"டீச்சர், டீச்சர்! பட்டாணி பிளாஸ்டிக்கைப் புதைச்சுட்டான்!"

சொன்னது ரேடியோ. மழலையர் வகுப்பில் அந்தச் சிறுமிக்கு அதுதான் பெயர். காதில் விழுந்த எதுவும் அவள் வாய்க்குள் தங்காது.

டீச்சர் நிமிர்ந்தாள். பள்ளித் தோட்டத்துக் குழாயிலிருந்து தண்ணீர் புகைபோலப் பறந்துகொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம், தக்காளிப் பாத்தி ஓரமாகப் பட்டாணி குந்தியிருந்தான். வகுப்பிலேயே பொடியன். முழங்கை வரைக்கும் மண்.

"நேத்துதானேடா படிச்சோம்? பிளாஸ்டிக் எங்கே போகணும்?"

"நீலத் தொட்டிக்கு!" என்றாள் ரேடியோ.

"உன்னைக் கேட்கலைடி."

பட்டாணி தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெரிய டீச்சர்கிட்டேயும் சொல்லிட்டேன். வந்துக்கிட்டிருக்காங்க" என்றாள் ரேடியோ.

"அதுக்குள்ளேயா?"

தலைமையாசிரியையான பெரிய டீச்சருக்கு இந்தத் தோட்டம்தான் உயிர். ஒரு மிட்டாய்த் தாள் கிடந்தாலே வகுப்பு முழுவதையும் வெயிலில் நிற்க வைத்துவிடுவார்.

டீச்சர் மண்ணைக் கிளறினாள். அகலமான மூடி போட்ட, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பிஸ்கட் டப்பா ஒன்று வந்தது. துடைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே ஒரு சிவப்புப் பலூன். காற்றிறங்கி, சுருங்கி, எலுமிச்சம்பழ அளவுக்கு ஆகியிருந்தது. வெயில் பட்டதும் டப்பாவுக்குள் யாரோ விளக்கேற்றிய மாதிரி இருந்தது.

"என்னடா கூத்து இது? டப்பா ஒரு தொட்டி, பலூன் வேற தொட்டி. பிரிச்சுப் போடணும்னு தொண்டை வறளக் கத்தறேனே!"

மூடியில் கை வைத்தாள்.

"திறக்காதீங்க டீச்சர்!"

பட்டாணிக்கு இத்தனை பெரிய குரல் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அது அப்பா ஊதினது."

டீச்சரின் கை அப்படியே நின்றது. பட்டாணியின் அப்பா போன மாதம்தான் ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தார்.

"என் பிறந்தநாளுக்குப் படுத்துக்கிட்டே ஊதினார் டீச்சர். நடுநடுவுல இருமிக்கிட்டே. அப்போ என் தலை அளவுக்குப் பெரிசா இருந்துச்சு. இப்போ தினம் தினம் சின்னதாகுது."

"பலூன்னா அப்படித்தான்டா, கண்ணா..."

"அதான் டப்பாவுல போட்டேன். அப்பா ஊதின காத்து பலூனை விட்டு வெளிய வந்தாலும் டப்பாவைத் தாண்டாதுல்ல?"

"சரிடா. மண்ணுல ஏன் புதைச்சே?"

"நீங்கதானே சொன்னீங்க? மண்ணுக்குள்ள போனா பிளாஸ்டிக் மக்கவே மக்காது, நமக்குப் பேரன் பேத்தி பிறந்தாலும் அப்படியே கிடக்கும்னு. எல்லாரும் பயந்தாங்க. எனக்கு மட்டும் சந்தோஷமா இருந்துச்சு."

குழாய்ச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது. டப்பாவின் உள்பக்கம் லேசாகப் பனித்திருந்தது. யாரோ உள்ளேயிருந்து மெல்ல மூச்சு விட்ட மாதிரி.

டீச்சர் மூடியை இன்னும் ஒரு திருகு இறுக்கினாள். மண்டி போட்டு உட்கார்ந்தாள்.

"இவ்வளவு மேலாக வெச்சா எப்படிடா? ஒரு மழைக்கு வெளியே வந்துடும். தள்ளு, ஆழமாத் தோண்டலாம்."

இருவரும் நகக்கண்ணில் மண் ஏறத் தோண்டினார்கள். டப்பா உள்ளே போனது. மண் மூடியது. பட்டாணி உள்ளங்கையால் தட்டித் தட்டி, தூங்கும் குழந்தையைத் தட்டுவதுபோல் தட்டி, சமன் செய்தான்.

ரேடியோ வாயைப் பிளந்துகொண்டு பார்த்தபடி நின்றாள். டீச்சர் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். என்ன சொல்வது? பொய் சொல்லு என்று ஒரு குழந்தையிடம் எந்த வாயால் கேட்பது?

செருப்புச் சத்தம் நெருங்கியது.

"எங்கே அந்தப் பிளாஸ்டிக்?" பெரிய டீச்சர் இடுப்பில் கை வைத்து நின்றார். "முதல்ல அதைத் தோண்டி வெளியே எடுங்க."

டீச்சர் மண் ஒட்டிய கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். பட்டாணியின் உதடு துடித்தது.

ரேடியோ இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். விறுவிறுவென்று நடந்து போய் அந்த ஈர மண்ணின் மேலேயே ஏறி நின்று கையைக் கட்டிக்கொண்டாள்.

"இங்கே குப்பையே இல்லை பெரிய டீச்சர். நான்தான் பொய் சொல்லிட்டேன்."