இருபது லிட்டர் வாளி

பீர்மேட்டு பெயின்ட் கடை வாசல் வரை மூடுபனி வந்து நிற்கிறது. உள்ளே அழகுத்தாய்க்கு வியர்க்கிறது. எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து நிறுத்தே பழகிய வாயில், "கிலோ என்ன விலை?" என்றுதான் முதலில் வருகிறது. "லிட்டர் கணக்கு சேச்சி," என்கிறான் கடைக்கார நசீம். நாலு லிட்டர் டப்பா எண்ணூற்று நாற்பது, இருபது லிட்டர் வாளி மூவாயிரத்து அறுநூறு. கொழுந்துக் கறை ஏறிய விரல் போனில் வகுக்கிறது. டப்பாவில் லிட்டர் இருநூற்றுப் பத்து, வாளியில் நூற்றியெண்பது. நம்பாமல் மறுபடி வகுக்கிறாள். அதே நூற்றியெண்பது. "ஏங்க, வாளியவே எடுத்திருவோம். நாலு டப்பா வாங்குற காசுக்கு மேல இருநூத்து நாப்பது கூடப் போட்டா நாலு லிட்டர் சேந்து வருது." அவள் புருஷன் பிச்சைமணி ஈரக்குடையைக் கக்கத்தில் இடுக்கியபடி வாளியைச் சுற்றி வருகிறான். "நம்ம புது வீட்டு ரெண்டு ரூமுக்குப் பதினாறு லிட்டர் போதும்னு மேஸ்திரி சொல்லிட்டாரு. மிச்சத்த எங்க கொண்டு பூசுவ?" கலர் கலந்துவிட்டால் திருப்பி எடுப்பதில்லை என்று நசீமும் சொல்லி வைக்கிறான். இதுவரை குடியிருந்த எஸ்டேட் லயத்தில் வரிசையாக எல்லா வீட்டுக்கும் கம்பெனி அடிக்கிற ஒரே வெள்ளைதான். என்ன கலர் வேண்டும் என்று அவளை யாரும் கேட்டதில்லை. கலர் அட்டையில் அவள் விரல் ஓடி, பழுத்த மாம்பழ மஞ்சளில் அழுந்துகிறது. "இது. வாளி நெறைய." மெஷின் வாளியை இறுக்கிப் பிடித்துக் குலுக்குகிறது. தரை அதிர்கிறது, கம்பியில் தொங்கும் பிரஷ்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. அந்த அதிர்வு பாதம் வழியாக ஏற, அழகுத்தாய் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறாள். "ஏட்டி, அந்த மிச்சம் நாலு லிட்டரு?" என்கிறான் பிச்சைமணி. மெஷின் சத்தத்துக்கு மேலே அவள் குரல் எழும்புகிறது. "மூணாவது ரூம் கட்டுவோம்ல, அதுக்கு."