நாற்றம் வராத ஜெனரேட்டர்

பெட்ரோல் ஜெனரேட்டரைக் கேஸுக்கு மாற்றிக்கொண்டிருந்த மெக்கானிக்கிடம் அந்த வீட்டுப் பெண் காபியை நீட்டினாள்.

“பெட்ரோல் விலை கையைக் கடிக்குதாம்மா?”

“அதுக்கில்லண்ணே. அந்தப் புகை நாத்தம் எனக்கு ஆகாது. அதான் என் வீட்டுக்காரர் கேஸுக்கு மாத்தச் சொன்னாரு. நான் தும்மினாகூட அவருக்குத் தாங்காது.”

“கொடுத்து வெச்சவம்மா நீ. ஆனா ஒண்ணு, கேஸ் புகையில நாத்தம் அவ்வளவா தெரியாது. விஷம் மட்டும் இருக்கும். வீட்டை விட்டுத் தள்ளியே வைங்க.”

“போன வாரம் மழையில நனையக்கூடாதுன்னு இதை என் ரூம் ஜன்னலுக்குக் கீழ வெச்சுட்டாரு. நல்ல தூக்கத்துல இருந்தேன். நாத்தம் குடலைப் புரட்டவும் முழிச்சுட்டேன். கதவுல வெளித்தாழ்ப்பாள் வேற எப்படியோ விழுந்திருந்துச்சு.”

மெக்கானிக்கின் கையில் ஸ்பேனர் அப்படியே நின்றது.

“யாரும்மா திறந்துவிட்டா?”

“நான் போட்ட கூச்சல்ல பக்கத்து வீட்டுக்காரங்க ஓடி வந்தாங்க. அன்னைக்கே அவர் முடிவு பண்ணிட்டாரு, இனிமே நாத்தமே வரக்கூடாதுன்னு.”

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அவளுடைய கணவர் வந்து அவள் தோளில் மெல்லக் கை வைத்தார்.

“வேலை முடிஞ்சுதாண்ணே? இன்னைக்காவது இவ நடுவுல முழிக்காம தூங்கட்டும்.”