வரிசையில் கடைசிக் குடம்

பாலக்கரைக் குழாயடியில் காலை வெயில் பித்தளைக் குடங்களின் மேல் குடம் குடமாக ஏறி வருகிறது. காளியாயியைக் கண்டதும் வரிசை விலகுகிறது. மெட்ராஸுக்குப் போய்க் கழுத்திலிருந்த தைராய்டுப் புற்றை அறுத்தெடுத்துவிட்டு வந்த நாளிலிருந்து இதே கதைதான். பேச்சு வெறும் காற்றாகிப் போனவளிடம் யார் சண்டை பிடிப்பார்கள்? “பாவம், அக்கா மொதல்ல புடிக்கட்டும்” என்று பக்கத்து வீட்டு ஷரபுன்னிசா தன் குடத்தை ஓரமாக இழுக்கிறாள். அந்தப் ‘பாவம்’ காளியாயிக்குக் கழுத்துத் தழும்பைவிட வலிக்கிறது. குழாய்க்குக் கீழே குடத்தை வைக்கிறாள். பாதி நிறையும்போது, ஷரபுன்னிசா நகர்த்திய குடம் சரிந்து காளியாயியின் தாய்வீட்டுக் குடத்தில் இடிக்கிறது.

“கண்ண எங்கடி வச்சிருக்க? கொடம் நசுங்கிருச்சு பாரு!”

காளியாயியின் முதல் சொல் கரகரக்கிறது, அடுத்தது உடைகிறது, மிச்சம் தகரத்தில் கல் விழுந்தாற்போலத் தெருமுனை வரைக்கும் போகிறது. எதிர்க் கடையில் தையல் மெஷின் நின்றுவிடுகிறது. காளியாயியே தொண்டையைத் தொட்டுப் பார்க்கிறாள். ஷரபுன்னிசாவின் கண் நிறைகிறது. துடைத்துக்கொண்டு இடுப்பில் கையை வைக்கிறாள்.

“வாய் வந்துருச்சுல்ல? அப்ப வரிசையில போயி நில்லுங்கக்கா. ஒங்களுக்கு முன்னாடியே வந்தவங்க நாங்க.”

இந்த முறை யாரும் விலகவில்லை. காளியாயி அரைக்குடத்தை இடுப்பில் ஏற்றுகிறாள். தழும்பைவிட்டு நழுவும் முந்தானையை இழுத்து மூடாமல், சமயபுரத்தாள் புறப்பட்டு வருவதுபோல, நிமிர்ந்து, வரிசையின் கடைசிக்கு நடக்கிறாள்.